பஞ்சாரத்திலிருந்து பண்ணைக்கு

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பஞ்சாரம் இருந்தது. மூங்கில் சிம்புகளால் பின்னிய அந்தப் பெருங்கூடையை மாலை வேளையில் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் கீரியும் காட்டுப்பூனையும் நெருங்கா. உள்ளே தாய்க்கோழியும் குஞ்சுகளும் இரவைக் கழிக்கும். விடிந்ததும் அதைத் தூக்கிவிடுவது சிறுவர்களாகிய எங்கள் வேலை. அந்தக் கோழிகள் யாருடையவை என்பதில் வீட்டில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. நிலம் தாத்தாவின் பெயரில் இருந்தது. மாடு அவர் பொறுப்பில் இருந்தது. கோழி மட்டும் பாட்டியாருடையது. முட்டை விற்ற காசு அவருடைய சுருக்குப் பைக்குள் போகும். எங்கள் சிலேட்டுப் பலகைகளும், திருவிழா வளையல்களும், ஒருமுறை அத்தையின் பேறுகாலச் செலவும் அந்தப் பையிலிருந்துதான் வந்தன.

தெருக்கோடியில் கணவரை இழந்த தாய் ஒருவர் இருந்தார். அவருக்குப் பாட்டியார் ஒரு பெட்டைக்கோழியை வாரத்துக்கு விட்டார். வாரம் என்பது எழுதாத ஓர் ஒப்பந்தம். கோழி ஒருவருடையது, அதை அடைவைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து காப்பவர் மற்றொருவர். பிழைத்து வளரும் குஞ்சுகளில் பாதி உடையவருக்கு, பாதி வளர்த்தவருக்கு. மூன்று ஆண்டுகளுக்குள் அந்தத் தாய் தம் சொந்தக் கோழியை வேறொரு பெண்ணுக்கு வாரத்துக்கு விட்டதை நாங்கள் பார்த்தோம்.

இந்தப் பழைய நினைவைக் கிளறிவிட்டது அண்மையில் எழுந்த ஒரு கேள்வி. நம் பங்கின் மகளிர் குழுவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மை நிறுத்தினார். ஒரு நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தருமாம். கொட்டகையை மட்டும் இவர் கட்டிக்கொள்ள வேண்டுமாம். வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்குமாம். கொட்டகை கட்டக் கடன் வாங்கலாமா, கழுத்தில் கிடக்கும் சங்கிலியை அடகு வைக்கலாமா என்பதே அவர் கேள்வி. “நீங்க நாலு புத்தகம் படிக்கிறவங்க, ஒரு வழி சொல்லுங்க சார்” என்றார்.

உடனே விடை சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை. ஒரு குடும்பத்தின் தாலிச் சங்கிலி சம்பந்தப்பட்ட கேள்விக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிட முடியுமா? எனவே ஒரு வாரத் தவணை கேட்டுக்கொண்டு, கோழி மனிதனோடு நடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்க்கலானோம். பார்த்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்டிலிருந்து வீட்டுக்கு

வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி என்பதை 1868-இல் சார்லஸ் டார்வின் தம் நூலொன்றில் வாதிட்டு நிறுவினார். பிற்கால மரபணு ஆய்வுகள் அவர் கூற்றைப் பெரும்பாலும் உறுதிசெய்தன. ஆனால் ஒரு சிறு திருத்தத்தையும் சேர்த்தன. கோழியின் காலிலும் தோலிலும் காணப்படும் மஞ்சள் நிறத்துக்குரிய மரபணு செந்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று. அது சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தச் சாம்பல் காட்டுக்கோழி நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இன்றும் கூவித் திரிகிறது. ஆக, உலகெங்கும் உள்ள மஞ்சள் கால் கோழிகளில் தென்னிந்தியக் காட்டின் சிறு பங்கும் கலந்திருக்கிறது.

ஐயத்துக்கு இடமின்றி வீட்டுக்கோழியின் எலும்புகள் என்று சொல்லத்தக்கவற்றுள் மிகப் பழையவை மத்தியத் தாய்லாந்தின் பான் நான் வாட் என்னும் இடத்தில் கிடைத்தவை. அவற்றின் காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டது என 2022-இல் அறிஞர் குழுவொன்று அறிவித்தது. அவர்கள் தரும் விளக்கம் சிந்தனைக்குரியது. மனிதன் நெல்லும் தினையும் விதைக்கத் தொடங்கினான். அறுவடையில் சிந்திய மணிகளைப் பொறுக்கக் காட்டுக்கோழி களத்தருகே வந்தது. வந்தது மெல்ல மெல்லத் தங்கிவிட்டது. அதாவது, மனிதன் கோழியைத் தேடிக் காட்டுக்குப் போகவில்லை. சிந்திய தானியமே அதை அழைத்து வந்தது. நம் பாட்டிமார் குப்பைமேட்டையும் களத்துமேட்டையும் நம்பிக் கோழி வளர்த்தார்களே, அது மூவாயிரம் ஆண்டுப் பழைய உடன்படிக்கையின் தொடர்ச்சிதான்.

தமிழ் மண்ணிலும் இந்தப் பறவைக்கு நீண்ட வரலாறு உண்டு. சோழரின் பழைய தலைநகரான உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் வழங்கியது. கோழியொன்று யானையை எதிர்த்து வென்ற இடம் என்பது அவ்வூர்க் கதை. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாட வந்த பட்டினப்பாலை, காயவைத்த தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் தம் காதணியைக் கழற்றி எறிந்ததாகக் கூறுகிறது. செல்வச் செருக்கைக் காட்ட எழுந்த அந்தக் காட்சியிலும் கோழியும் பெண்ணும் தானியமும் ஒரே முற்றத்தில் நிற்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மேற்கு நோக்கிப் போன கோழி நெடுங்காலம் உணவாகக் கருதப்படவில்லை. சண்டைக்காகவும், விடியலை அறிவிப்பதற்காகவும், அரிய பறவை என்பதற்காகவுமே வளர்க்கப்பட்டது. பாலஸ்தீன நாட்டில் மாரேசா என்னும் பழைய நகரில் நடந்த அகழாய்வில், கி.மு. நான்காம் நூற்றாண்டுக்கும் இரண்டாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்துக் கோழி எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. கோழியை முட்டைக்கும் இறைச்சிக்குமாக மக்கள் பெருமளவில் வளர்த்ததற்கான மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று. பேதுருவைக் கண்ணீர் சிந்தவைத்த அந்தச் சேவல் கூவியபோது, அந்நாட்டின் முற்றங்களில் கோழி பழகிப்போன பறவையாகிச் சில தலைமுறைகள் கடந்திருந்தன.

எகிப்தியர் இன்னும் ஒரு படி முன்னே சென்றனர். தாய்க்கோழி இல்லாமலே முட்டையைப் பொரிக்கவைக்கும் மண் அடுப்புகளை அவர்கள் கட்டினர். சாணத்தின் சூட்டில் எகிப்தில் முட்டை பொரிவதை அரிஸ்டாட்டில் குறித்துவைத்திருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் அந்தக் கலையைக் கற்றுத் தம் நாட்டில் செய்து பார்த்து, 1749-இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆயினும் இருபத்தொரு நாள் ஒரே சீராகச் சூடு காப்பது எளிதன்று. கலிபோர்னியாவின் பெட்டலூமா என்னும் சிற்றூரில் லைமன் பைஸ் என்பவர் 1879-இல் உருவாக்கிய பொரிப்புப் பெட்டிக்குப் பிறகே, பெருந்தொகையில் குஞ்சு பொரிப்பது ஒரு தொழிலாக வளர்ந்தது.

கோழி கற்பித்த பாடங்கள்

அதே ஆண்டுகளில் கோழி வேறு வகையிலும் மனிதனுக்கு உதவியது. லூயி பாஸ்டர் 1879-80-இல் கோழிகளைக் கொல்லும் காலரா நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாட்பட்டுப்போன நோய்க்கிருமிகளைச் செலுத்திய கோழிகள் சாகவில்லை. பின்னர் வீரியமுள்ள கிருமிகளைச் செலுத்தியபோதும் அவை தாங்கி நின்றன. வீரியம் குறைந்த கிருமியே நோய்க்குக் காப்பாகும் என்ற பேருண்மை ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் வெளிப்பட்டது. நம் குழந்தைகளுக்குப் போடப்படும் தடுப்பூசிகள் பலவற்றின் வரலாறு அந்தக் கோழிக்கூட்டைத் தொட்டுச் செல்கிறது.

அடுத்த நிகழ்ச்சி ஜாவாத் தீவின் பத்தேவியா நகரில் நடந்தது. அங்கு டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன் பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக் கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்கள் கழித்துத் தாமாகவே தேறின. விசாரித்தபோது, இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்கு இடப்பட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்ததும் தெரியவந்தன. தவிட்டோடு கூடிய அரிசியைத் தின்றதும் கோழிகள் பிழைத்துக்கொண்டன. உயிர்ச்சத்து என்று நாம் இன்று சொல்லும் பொருளை நோக்கிய பாதை அங்கே திறந்தது. 1929-இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டைக் கோழிக்குப் போட்டுவிட்டு வெள்ளைச் சோற்றை நாம் உண்பதைப் பார்த்தால், அறிவாளி யார் என்ற ஐயம் எழத்தான் செய்கிறது.

மூன்றாவது பாடம் நம் நாட்டைச் சேர்ந்தது; நாமே நட்டப்பட்டுக் கற்றது. 1920களின் இறுதியில் குமாவோன் மலையிலுள்ள இராணிக்கேத் என்னும் ஊரில் கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் நோயொன்று கண்டறியப்பட்டது. 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் தோன்றிய அதே நோய் அது. ஊர்ப்பெயரே நோயின் பெயராயிற்று. நம் சிற்றூர்களில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். அதே மலைப்பகுதியைச் சேர்ந்த முக்தேசர் ஆய்வு நிலையத்தில், கருவுற்ற முட்டைகளில் அந்த நச்சுயிரியைத் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்து, 1940-இல் வெற்றிகரமான தடுப்பூசி அறிவிக்கப்பட்டது. இன்றும் எட்டாம் வாரத்தில் கோழியின் இறக்கைக்கு அடியில் போடப்படும் ஊசி அந்த முக்தேசர் வித்திலிருந்து வந்ததே.

நாம் நட்டப்பட்ட கதையையும் மறைக்க வேண்டியதில்லை. வேலையில் சேர்ந்த புதிதில், ஓய்வு நேர வருவாய்க்கென்று வீட்டுக்குப் பின்னால் நூறு குஞ்சுகளை வாங்கி விட்டோம். விளக்கு வைத்துச் சூடு காத்தோம்; தீவனத்தில் குறை வைக்கவில்லை. முதல் வாரம் கண்ணில் சொட்டு மருந்து விட்டதே போதும் என்று, மறுமுறை போடவேண்டிய மருந்தை ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று தள்ளிப்போட்டோம். ஒரு சித்திரை மாதத்தில் கழுத்தைத் திருகிக்கொண்டு ஒரு குஞ்சு நின்றது. ஐந்தாம் நாள் மாலையில் மூங்கில் தட்டியைத் திறந்தபோது எழுந்து வந்தவை ஒன்பது. மீதியைக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். சில ரூபாய் மருந்தையும் அரை நாள் அலைச்சலையும் மிச்சம் பிடித்ததற்கு நாம் கொடுத்த விலை அது.

தவறி வந்த ஐந்நூறு குஞ்சுகள்

சிறுபண்ணை பெருந்தொழிலாகிய கதை ஓர் எழுத்துப் பிழையை ஒத்த தவற்றிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஓஷன் வியூ என்னும் கடற்கரைச் சிற்றூர். கடற்காவல் படையில் பணிபுரிந்த ஒருவரின் மனைவியான செசில் ஸ்டீல் அம்மையார், மற்றப் பெண்களைப் போலவே, முட்டைக்காகச் சில கோழிகள் வைத்திருந்தார். 1923-இல் அவர் பொரிப்பகத்துக்கு ஐம்பது குஞ்சுகள் வேண்டுமென்று எழுதினார். வந்து சேர்ந்தவை ஐந்நூறு. திருப்பி அனுப்பாமல், ஒரு சிறு கொட்டகை கட்டி அவற்றை வளர்த்தார். பதினெட்டு வாரம் கழித்து மிஞ்சியவை 387. ஏறத்தாழ இரண்டு பவுண்டு எடையில், பவுண்டு 62 சென்ட் விலைக்கு விற்றன. மறு ஆண்டு ஆயிரம் குஞ்சுகளை அவரே கேட்டு வாங்கினார். 1926-க்குள் பத்தாயிரம் குஞ்சுகளுக்கு இடம் அமைத்தார். அதுவரை இறைச்சி என்பது முட்டைக்கோழியின் உபரி. முட்டை ஓய்ந்த பெட்டையும் வேண்டாத சேவலுமே குழம்புக்குப் போயின. இறைச்சிக்கென்றே கோழி வளர்க்கும் தொழில் அந்த அம்மையாரின் கொட்டகையிலிருந்து பரவியது. அந்தக் கொட்டகையை அமெரிக்க அரசு வரலாற்றுச் சின்னமாகப் பதிவுசெய்து காத்து வருகிறது.

பின்னர் நடந்தவை விரைவாக நடந்தன. 1920களில் டி உயிர்ச்சத்தின் இயல்பு தெரியவந்ததும், மீன் எண்ணெயைத் தீவனத்தில் கலந்து, வெயில் படாத கொட்டகையிலும் கோழியைக் கால் வளையாமல் வளர்க்க முடிந்தது. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் ‘நாளைய கோழி’ என்ற பெயரில் போட்டிகள் வைத்து, விரைவில் பருக்கும் கோழியினங்களுக்குப் பரிசு தந்தனர். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957-ஆம் ஆண்டின் இனத்தையும் 2005-ஆம் ஆண்டின் இனத்தையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தனர். 56 நாளில் பழைய இனம் 905 கிராம். புதிய இனம் 4,202 கிராம். முட்டையிலும் இப்படியே. ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையிடும் காட்டுக்கோழியின் வழித்தோன்றல் இன்று முந்நூறுக்கு மேல் இடுகிறது.

வளர்ச்சிக்கு விலையும் உண்டு. அடைகாக்கும் குணம் முட்டைக்கோழியிடமிருந்து ஏறக்குறைய நீக்கப்பட்டுவிட்டது. முட்டையினத்தில் பிறக்கும் சேவற்குஞ்சுகள் பொரிந்த நாளிலேயே அழிக்கப்படுகின்றன. கூண்டுக்குள் இறக்கையை விரிக்க இடமில்லாமல் வாழ்கிற கோழிகளின் நிலை குறித்து நம் நாட்டின் சட்ட ஆணையமே 2017-இல் தன் 269-ஆம் அறிக்கையில் கவலை தெரிவித்தது. எல்லாவற்றையும் விட வரலாறு சத்தமில்லாமல் செய்த ஒரு மாற்றம் உண்டு. ஒரு பெண்ணின் சுருக்குப் பையில் தொடங்கிய தொழில், குஞ்சு, தீவனம், மருந்து, சந்தை அனைத்தையும் கையில் வைத்திருப்பவரின் தொழிலாக மாறியது.

மார்த்தாண்டமும் நாமக்கல்லும்

இந்த மாற்றத்துக்கு வேறு வழி இருந்ததா? இருந்தது என்பதற்கு நம் அருகிலேயே ஒரு சான்று உண்டு. சேலத்தில் பிறந்த கே.டி. பால் தலைமை தாங்கிய ஒய்.எம்.சி.ஏ. இயக்கம் சிற்றூர்ப் பணிகளில் இறங்கியிருந்த காலம். அதன் சார்பில் டி. ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர், 1920களின் நடுவில், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் ஊரக மறுமலர்ச்சி நிலையம் ஒன்றை அமைத்தார். மார்த்தாண்டம் தேன் என்று இன்றும் பெயர் பெற்றிருக்கும் தேனீ வளர்ப்பு அங்கு வேரூன்றியது அவர் முயற்சியால்தான். தேனோடு கோழியும் அவர் திட்டத்தில் இருந்தது. நல்லினக் கோழிகளைக் கொண்டுவந்து கொடுத்ததோடு அவர் நிறுத்திவிடவில்லை. ஏழைக் குடும்பங்கள் தத்தம் முட்டைகளை ஓரிடத்தில் சேர்த்துத் தரம் பார்த்துக் கூட்டாக விற்க ஏற்பாடு செய்தார். கொடையளித்து உதவுவதை அவர் விரும்பவில்லை. மக்கள் தம் கையால் எழ வேண்டும், அதற்கான அறிவை அருகிலிருந்து கற்பிக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. தம் அனுபவங்களை 1932-இல் நூலாகவும் வெளியிட்டார். இரண்டு கோழி வைத்திருப்பவர் தனியே சந்தைக்குப் போனால் வியாபாரி சொன்னதே விலை; அவரைப் போன்றோர் பலர் சேர்ந்து போனால் பேச ஒரு நா கிடைக்கிறது. மார்த்தாண்டம் காட்டிய உண்மை இதுவே.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இதே உண்மையைப் பெரிய அளவில் கண்டது நாமக்கல். மழை குறைந்த வறண்ட நிலம். உழைப்புக்கு அஞ்சாத மக்கள். லாரித் தொழில் செழித்ததால் தீவனத்தைக் கொண்டுவரவும் முட்டையைக் கேரளம்வரை கொண்டுசெல்லவும் வண்டி வசதி. இவை சேர்ந்து சிறு பண்ணைகளைப் பெருக்கின. 1985-இல் அங்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அமைந்தது. ஆனால் முட்டை பெருகப் பெருக விலை சரிந்தது. 1980களின் தொடக்கத்தில், நாடு முழுவதும் பண்ணையாளர்கள் அடக்க விலைக்கும் கீழே விற்றுப் பண்ணைகளை மூடலாயினர். விலையைத் தீர்மானித்தவர்கள் நகரத்து மொத்த வியாபாரிகள். அப்போது டாக்டர் பி.வி. ராவ் ஊர் ஊராகச் சென்று பண்ணையாளர்களைக் கூட்டிப் பேசினார். அதன் பயனாக 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றியது. உற்பத்தி செய்கிறவனே விலையைச் சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை. நாமக்கல் மண்டல முட்டை விலை என்று நாம் செய்தித்தாளில் காணும் வரிக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

அதே 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது தற்செயல்தான். ஆனால் இரு பாதைகளும் பின்னர் ஒன்றாயின. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று தட்டில் வந்த முட்டை, 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் வரலாயிற்று. பண்ணையாளருக்கு நிலையான சந்தை. ஏழைக் குழந்தைக்குப் புரதம். கோழி வரலாற்றில் மனம் நிறைந்து படிக்கத்தக்க பக்கம் இது.

வாரமும் ஒப்பந்தமும்

இறைச்சிக்கோழித் துறை வேறு வழியில் சென்றது. 1990களின் தொடக்கத்திலிருந்து, உடுமலைப்பேட்டை, பல்லடம் வட்டாரங்களில் ஒப்பந்த வளர்ப்பு முறை வேரூன்றி, பின்னர் நாடெங்கும் பரவியது. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பு. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு ஆகியவை வளர்ப்பவரின் பொறுப்பு. எடைக்கு ஏற்பக் கூலி.

இம்முறையைத் தீயது என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. இதனால் வாழ்வு பெற்ற குடும்பங்கள் பல. 2006 பிப்ரவரியில் மராட்டியத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, நோய் எட்டிப் பாராத ஊர்களிலும் கோழி வாங்க ஆளில்லாமல் விலை விழுந்தது. அத்தகைய வீழ்ச்சியில் சொந்தப் பணத்தைப் போட்டுத் தனியே வளர்த்தவர் தலையில் இடி நேராக இறங்கும். விற்பனை விலையின் ஏற்ற இறக்கத்தை ஒப்பந்தக்காரர் நேரடியாகச் சுமப்பதில்லை. ஆயினும் புதுக் குஞ்சு வராத மாதங்களில் கொட்டகைக் கடனுக்கு வட்டி மட்டும் நிற்பதில்லை. கூலியை உயர்த்தித் தரக் கோரி ஒப்பந்த வளர்ப்பாளர்கள் பலமுறை போராடியிருப்பதையும் நாம் அறிவோம்.

பாட்டியாரின் வாரத்தை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இரண்டிலும் கோழி ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது. ஆனால் வாரத்தில் வளர்த்தவருக்குக் கிடைப்பது உயிருள்ள குஞ்சு. அது வளரும், முட்டையிடும், பெருகும். ஒருநாள் அவரை உடைமையாளர் ஆக்கும். ஒப்பந்தத்தில் அவருக்குக் கிடைப்பது கூலி. பத்து ஆண்டு வளர்த்தாலும் ஒரு குஞ்சும் அவருடையதன்று.

ஒப்பந்தத்தை விடவும் அஞ்சத்தக்கது ஆசை காட்டல். 2012-இல் கொங்குப் பகுதியில் ஈமுக்கோழி என்ற பெயரால் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பறவையை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம், மாதந்தோறும் பணம் தருவோம் என்ற வாக்கை நம்பிச் சேமிப்பை இழந்தோர் ஆயிரக்கணக்கானோர். அந்த இறைச்சியை உண்ண ஊரில் ஆள் உண்டா என்ற எளிய கேள்வியை அன்று பலர் கேட்கவில்லை.

சொன்ன விடை

இவற்றையெல்லாம் பார்த்தபின் அந்தச் சகோதரியிடம் திரும்பிச் சென்றோம். செய்க என்றோ செய்யற்க என்றோ நாம் சொல்லவில்லை. கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய சில கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். ஆண்டுக்கு எத்தனை முறை குஞ்சு தருவதாக எழுத்தில் உறுதி உண்டு? கோழி இறந்தால் நட்டம் யாருக்கு? கூலியை யார், எதைக்கொண்டு கணக்கிடுவார்? கொட்டகைக் கடன் எத்தனை முறை வளர்த்தால் தீரும்? ஆறு மாதம் குஞ்சு வராவிட்டால் தவணையை எதிலிருந்து கட்டுவது? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை சங்கிலியைக் கழற்ற வேண்டாம் என்று மட்டும் வேண்டிக்கொண்டோம்.

சிறிதாகத் தொடங்க விரும்பினால் என்ன செய்யலாம் என்பதையும் சொன்னோம். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டைதான் இடும். ஆனால் தானே அடைகாத்துக் குஞ்சைக் காக்கும். அதன் முட்டைக்கும் இறைச்சிக்கும் விலை கூடுதல். சிறுவிடை, பெருவிடை இரண்டும் நம் மண்ணுக்குப் பழகியவை. குஞ்சை விளக்கில் வளர்த்தால் முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைக்கலாம். வெப்பமானி இல்லையென்றால் குஞ்சைப் பார்த்தாலே போதும்: விளக்கடியில் நெருக்கிக் குவிந்தால் குளிர், விலகி ஓடினால் சூடு அதிகம், பரவலாக மேய்ந்தால் சரி. தரையில் கடலைத் தொலியோ உமியோ பரப்பி, ஈரம் படாமல் கிளறிவிட வேண்டும். ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் கண்ணில் சொட்டு மருந்து, நான்காம் வாரத்தை ஒட்டி மறுமுறை, எட்டாம் வாரத்தில் ஊசி. இதை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. அரசு நடத்தும் இருவாரத் தடுப்பூசி முகாம்களுக்குக் கோழியைத் தவறாமல் கொண்டுபோக வேண்டும். தேறாத கோழிக்குக் கண்ட மருந்தையும் கொடுப்பது கேடு. கொலிஸ்டின் என்னும் உயிர்காக்கும் மருந்தை மனிதருக்குப் பயன்படாமற் போய்விடுமே என்றுதான் 2019-இல் நம் அரசு கால்நடைத் தீவனத்தில் தடை செய்தது. இவற்றோடு, தனியாகச் செய்யாதீர்கள் என்பதை இருமுறை சொன்னோம். செசில் அம்மையாருக்குத் துணிவு இருந்தது. மார்த்தாண்டத்தாருக்கும் நாமக்கல்லாருக்கும் துணிவோடு கூட்டும் இருந்தது.

அவர் நிறுவனத்தாரிடம் கேள்விகளைக் கேட்டார். சிலவற்றுக்கு விடை வந்தது, சிலவற்றுக்கு வரவில்லை. கடைசியில், குழுவிலிருந்து நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்குப் பன்னிரண்டு பெட்டைகளோடு தொடங்கினார். பெரிய வருவாய் என்று சொல்வதற்கில்லை. அவர் கணவருக்கு இன்னும் அந்தக் கொட்டகை மேல் ஒரு கண் இருக்கிறது; அவர் கணக்கும் பிழையென்று நம்மால் சொல்ல முடியவில்லை.

சென்ற மாதம் அந்தச் சகோதரி தம் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஐவரும் முட்டைகளை ஒன்றாய்ச் சேர்த்து, தாங்களே விலை சொல்லி விற்கிறார்கள். நோட்டின் நடுப்பக்கத்தில் ஒரு வரி நம் கண்ணை நிறுத்தியது. அவர்களுள் ஒருவரின் கோழிகள் அனைத்தையும் ஒரே இரவில் தெருநாய்கள் கடித்துப் போட்டுவிட்டன. மற்ற நால்வரும் ஆளுக்கு இரண்டு பெட்டைகளை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வரிக்கு எதிரே, தொகை எழுத வேண்டிய இடத்தில், ‘வாரத்துக்கு’ என்று எழுதியிருந்தது.